சேற்றைக் கேட்காத ராஜா

"எண்ணூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போன ராஜா மேல உனக்கு இன்னாக்கா இவ்ளோ கோவம்?" என்று கேட்டாள் என் தங்கை வசந்தி. குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். நான் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குத் துணையாக வந்தவள், பத்தியச் சோறு பொங்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஜான் என்ற ராஜா கெட்டழிந்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கினால் அவள் கேட்கத்தான் செய்வாள்.

நான் பொன்னேரியில் ஒரு டுடோரியலில் சரித்திரம் நடத்துகிறேன். வகுப்பில்லாத நாட்களில், பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்து ஓடையில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறேன். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் மண்டியிட்டு, அடிச்சேற்றை விரலால் தடவிக்கொண்டே போய், இறால் துள்ளுவதற்குள் அமுக்கிவிட வேண்டும். நான் எம்.ஏ. படித்தது இந்தக் கையை நம்பித்தான். ஜான் மன்னரைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு வேறொருவர் முகம்தான் நினைவுக்கு வரும். அவர் எங்கள் ஊர்த் தலைவர்.

ஏரியில் வலை கட்டுகிறவர்களுக்குள் பாடு என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். கையால் பிடிக்கிற பெண்களுக்கு அதில் சீட்டு இல்லை. வேண்டியதாகவும் இருந்ததில்லை, ஏனென்றால் ஓடை எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. போன வருடம் தலைவர் ஓடை வாயில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கம்பு நட்டு வலையைக் கட்டினார். ஓடையும் இனி பாடு முறையில் சேர்த்தி, பெண்கள் இறங்கக்கூடாது என்றார். அன்றிலிருந்து வலை இல்லாத நாளாகப் பார்த்து ஒளிந்துதான் இறங்குகிறோம். எதிர்த்து அரசாங்கத்துக்கு மனு எழுதியவள் நான். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வாரத்தில் இரண்டு நாள் ஓடையை விடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அவர் இப்போது சொல்லி அனுப்பியிருந்தார்.

சொல்லி அனுப்பியது வசந்தியின் கணவன் பிரகாஷ் மூலமாக. தலைவர் பிரகாஷுக்குச் சொந்தப் பெரியப்பா.

"சரின்னு சொல்லிடுக்கா. நாளைக்கு ஊருக்குப் போனா நான் புள்ளையத் தூக்கினு அந்த வூட்டு வாசல்லதான் போய் நிக்கணும். உள்ள வான்னு ஒரு வார்த்த சொல்லலன்னா நான் எங்க போவேன்?" என்று வசந்தி அழுதாள். பச்சை உடம்புக்காரி அழுதால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்குள்ளேயும், இரண்டு நாளாவது கிடைக்கிறதே என்ற நினைப்பு மெல்ல வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் அண்ணன் மனைவி குப்பம்மாதான் ஓடையில் இறங்கும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நடப்பவள். நான் கிளம்பும்போது, "நீ படிச்சவ. நீ இன்னா சொன்னாலும் எங்களுக்குச் சரிதான்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். முடிவு என் கையில் இருந்தது. அந்த நினைப்பு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை ரன்னிமீடுக்குப் போனேன். லண்டனைத் தாண்டி, தேம்ஸ் நதியோரம் ஒரு புல்வெளி. பிரபுக்கள் எல்லோரும் சேர்ந்து ஜான் மன்னரை வளைத்து, இனி சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்று ஒரு பெரிய சாசனத்துக்கு முத்திரை வைக்கச் செய்த இடம். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும். நேரில் பார்த்தால் மாடு மேய்கிறது. தலைக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்குகிறது. நாயை நடத்திக்கொண்டு வந்த ஒருவரிடம், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒன்றுமே இல்லை. அதற்காகத்தான் நான் தினமும் வருகிறேன்" என்றார்.

ஈரமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வசந்தி கட்டிக்கொடுத்த புளிசோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு, போனில் சாசனத்தை வரி வரியாகப் படித்தேன். வகுப்பில் முக்கியமான பிரிவுகளை மட்டும் நடத்திவிட்டு ஓடுகிறவள் நான். பாதிக்கு மேல் போனபோது கை அப்படியே நின்றுவிட்டது. தேம்ஸிலும் மெட்வேயிலும் இங்கிலாந்து முழுவதிலும் ஆற்றுக்குக் குறுக்கே மீனுக்காகக் கட்டிய தடுப்புகளையெல்லாம் அகற்றிவிட வேண்டும் என்று இருந்தது. ராஜாவை மடக்கிப் பிடித்துக் கேட்டுவாங்கிய காகிதத்தில், ஓடை வாயில் நட்ட கம்பைப் பிடுங்கு என்று எழுதியிருக்கிறார்கள்! நான் போட்ட சத்தத்தில் ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. படகு போக வழி வேண்டும் என்றுதான் பிரபுக்கள் அதைக் கேட்டார்கள், ஏழைகள் மீன் பிடிக்கட்டும் என்றல்ல என்று அறிஞர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அடுத்த வரியில் கடற்கரையைத் தவிர என்றும் ஒரு விலக்கு இருந்தது. அதைப் படித்ததும் புளிசோற்றை மூடிவைத்தேன். எங்கள் ஓடை கடற்கரையா இல்லையா என்று அந்தப் புல்வெளியில் தனியாக உட்கார்ந்து அரைமணி நேரம் வாதாடினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாசனம் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ராஜா போப்பாண்டவரிடம் சொல்லி அதைச் செல்லாது என்று ஆக்கிவிட்டார்.

மறுநாள் கிங்ஸ் லின் ஊருக்குக் கிளம்பினேன். ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏதோ அறிவிப்பு வந்தது, என்னைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து போனார்கள், நல்லதாகப் போயிற்று என்று காலை நீட்டிக்கொண்டேன். சற்று நேரத்தில் ரயிலின் முன்பாதி கழன்று போய்விட்டது. நான் பின்பாதியில் உட்கார்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டி கூட்டத்தில் பிதுங்கும், தாமதமாக வரும், ஆனால் ஒருநாளும் ரெண்டாகப் பிரிந்து என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. துடைப்பத்தோடு வந்த ஊழியர், "எல்லா வாரமும் உங்களைப் போல ஒருவர் இருப்பார்" என்று ஆறுதல் சொன்னார்.

லின் நகரத்துச் சந்தையில் எனக்கு ஊர் வாசனை அடித்தது. சின்னச் சின்னப் பழுப்பு இறால்களை வெண்ணெயில் மூழ்கடித்துக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன். மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத இறால். பக்கத்துக் கடையில் எங்கள் உமரிக் கீரை, சதுப்பில் தானாக முளைத்து யார் வேண்டுமானாலும் பறித்துப்போகும் அதே உமரிக் கீரை, காகிதம் விரித்த பெட்டிக்குள் மணப்பெண் போல உட்கார்ந்திருந்தது. இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கடைக்காரம்மாவைக் கேட்டேன். "வெண்ணெயில்" என்றார். இவர்கள் எதையும் வெண்ணெய்க்குத் தப்பவிட மாட்டார்கள் போலிருக்கிறது.

இங்கிலாந்தே காறித் துப்பிய ஜானை இந்த ஊருக்கு மட்டும் பிடிக்கும். ஊருக்குச் சில உரிமைகளை எழுதிக்கொடுத்தவர் அவர். கடைசி நாட்களில், எதிரிகள் துரத்த, இங்கே வந்து விருந்து சாப்பிட்டிருக்கிறார். எங்கள் தலைவரையும் அவர் தெருக்காரர்களுக்குப் பிடிக்கும். விளக்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதான் நான் ஆசைப்பட்ட இடம். வாஷ் என்கிற பெரிய கழிமுகம். பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றேன். வந்தது, என்னைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. கை காட்டினால்தான் நிற்குமாம். எங்கள் பொன்னேரி பஸ் கை காட்டினாலும் நிற்காது, நிற்காமலே ஏற்றிக்கொள்ளும். அடுத்ததற்கு இரண்டு கையையும் ஆட்டினேன்.

லின்னை விட்டுக் கிளம்பிய ராஜா இந்தக் கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு நல்ல சாலையில் போனார். சாமான் வண்டிகளை மட்டும் குறுக்கு வழியாகச் சேற்றில் விட்டார். சேற்றில் வழி தெரிந்த ஆட்களைக் கேட்டு, தண்ணீர் இறங்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கடல் ஏறி வந்தது. வண்டி, குதிரை, நகைப் பெட்டி எல்லாம் உள்ளே போயிற்று. ராஜாவின் புதையலை இன்றைக்கும் தேடுகிறார்கள். வண்டி ஓட்டிப்போன ஆட்களை யாரும் தேடவில்லை. அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் கோபம் இதுதான், வசந்தி.

அந்த இடம் இப்போது கடலில்லை. கோசு வயலாக இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சதுப்பை வடித்து நிலமாக்கும் வித்தையை டச்சுக்காரர்கள் வந்து காட்டினார்கள். எங்கள் ஊரில் கோட்டை கட்டி உட்கார்ந்து, துணியையும் வெடிமருந்தையும் மட்டுமல்லாமல் மனிதர்களையும் கப்பலேற்றி விற்ற அதே நூற்றாண்டில்தான் இங்கேயும் வந்திருக்கிறார்கள். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர்கள் செதுக்கிவைத்த எலும்புக்கூடுகள் இன்னும் நிற்கின்றன. கோட்டைக்குள் முள் மண்டிக் கிடக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

கடல் அணையின் மேலேறி நின்றேன். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரமாகக் கம்பளத்தில் நடந்த கால். அணையடியில் ஒருவர் கவிழ்த்த படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கென்ன சேறு தெரியாதா? ஷூவைக் கழற்றி ஒரு மேட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். பை மட்டும் அணைமேல் இருந்தது. ஐஸ் கட்டி போலக் குளிர். பத்தடி தாண்டியதும் கட்டைவிரலுக்குச் சிப்பி தட்டுப்பட்டது. அதற்கப்புறம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

தூரத்தில் தண்ணீர் திரும்புவது தெரிந்தது. எங்கள் ஓடையில் தண்ணீர் திரும்பினால் நாங்கள் வெளியே வருவதில்லை, உள்ளே போவோம். ஏற்றத்தோடுதான் இறால் வரும், அதை எதிர்கொண்டு நடப்பதுதான் வழக்கம். எவ்வளவு ஏறினாலும் இடுப்புக்கு மேல் வராது. பழக்கம் காலில் இருக்கிறது அல்லவா, நான் கடலைப் பார்த்து நடந்தேன். சேற்றை நன்றாகத் தெரிந்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்ய மாட்டார்கள்.

பின்னால் யாரோ கத்தினார்கள். திரும்பினேன். தண்ணீர் முன்னாலிருந்து வரவில்லை. நான் சாதாரணமாகத் தாண்டி வந்த ஒரு வெட்டு வாய்க்கால் என் முதுகுக்குப் பின்னால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரர் அதன் அக்கரையில் நின்று, "தாண்டாதே! இடது பக்கம் ஓடு! வாய்க்கால் முடிகிற இடம்வரை ஓடு!" என்று கையை வீசினார். ஓடினேன். முழங்கால், தொடை, இடுப்பு. எங்கள் ஊரில் நின்றுவிடும் அளவில் அது நிற்கவில்லை. வாய்க்கால் குறுகிய இடத்தில் அவர் கயிற்றை வீசினார். மார்பளவு தண்ணீரில் நான் கரைக்கு இழுபட்டேன். பல் கிட்டிப்போனது. பயத்தில் என்று எழுதினால்தான் சரி.

அவர் பெயர் டேவ். நாற்பது வருடமாக அங்கே சிப்பி அள்ளுகிறவர். தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியையும் நீட்டிவிட்டு, "நான் இருபதடி தூரத்தில்தானே இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். ராஜா இங்கே கிரீடத்தை விட்டார், நான் ஷூவை விட்டேன் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

டேவ் தன் வண்டியில் ரயில் நிலையம்வரை கொண்டுவிட்டார். வழியெல்லாம் அந்தப் பெயரில்லாத வண்டிக்காரர்கள் நினைவாகவே இருந்தேன். நல்ல சாலையில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சேற்றில் போங்கள் என்று அனுப்பியவர் ராஜா. ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, தினமும் ஓடையில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு நாள் போதும் என்று முடிவு செய்ய இருந்தவள் நான். நிலையத்திலிருந்தே குப்பம்மா அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, ரெண்டு நாள் வுடறேன்னு தலைவர் சொல்றாரு. நீங்க எல்லாரும் இன்னா சொல்றீங்க?"

"நீதான் படிச்சவளாச்சே."

"நான் சொன்னா தப்பாப் பூடும் அண்ணி. எறங்கறது நீங்க. நீங்க சொல்லுங்க."

"அப்ப எங்களத்தான் கேக்கறியா?" என்றாள்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"சரி. ஞாயித்துக்கெழம சொல்றோம்" என்று வைத்துவிட்டாள். குரலில் ஒரு குஷி இருந்தது. மனு எழுதி ஒரு வருடம் ஆகியும் அவளிடம் நான் இப்படிக் கேட்டதே இல்லை.

வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து வசந்தி போட்ட கூச்சலில் குழந்தை எழுந்துகொண்டது. "நைனா இருந்திருந்தா உன்ன கட்டிப்போட்டிருக்கும்" என்றாள். சனிக்கிழமை முழுவதும் தும்மிக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகாஷ் எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு நியூவர்க் கோட்டைக்குப் போனான். பெரியப்பாவுக்கு நான் பதில் சொல்லும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. டிரென்ட் நதியோரம் ஒற்றைச் சுவர் நிற்கிறது. அதன் பின்னால் கோட்டை இல்லை, பூங்காதான் இருக்கிறது. சாமானைப் பறிகொடுத்த ஒரு வாரத்துக்குள் ராஜா இங்கே வந்து செத்தார். பீச் பழமும் புது ஆப்பிள் கள்ளும் அளவில்லாமல் தின்று குடித்ததால் என்று கதை.

"கழிச்சல்லயா செத்தான்? ஐய!" என்றாள் வசந்தி. பிரகாஷ்கூடச் சிரித்தான். உடம்புச் சூடு ஆறுவதற்குள் வேலைக்காரர்களே கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்களாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிரகாஷின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினான்.

"இன்னா வாத்தியாரம்மா, சீமையெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?" தலைவர் குரல் நல்ல உற்சாகத்தில் இருந்தது. "பொன்னேரிலதான் கீறேன். பேப்பர் ரெடியா கீது. சரின்னு ஒரு வார்த்த சொல்லு, பேஜாரு முடிஞ்சுது."

வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் குழந்தை தூங்கியது.

"அத நான் சொல்லக் கூடாது தலைவரே. ஓடையில எறங்கறவங்கதான் சொல்லணும். லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

நான் என் போனில் குப்பம்மா அண்ணியைக் கூப்பிட்டு, அதையும் ஸ்பீக்கரில் போட்டேன். வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் முதலில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. பின்னால் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள்.

"அண்ணி, நான்தான். தலைவர் லைன்ல கீறாரு. ரெண்டு நாளுக்கு ஒத்துக்கலாமா?"

"ம்ஹூம்."

"எங்க கீற? ஓடையிலயா?"

"ம்."

"எல்லாருமா?"

"ம். ம்."

போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எங்கள் பெண்கள் தண்ணீரில் இறங்குவார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி வாயில் இருக்கும்போது ஒரு பெண்ணால் பேச முடியாது. மூக்கு வழியாக இப்படித்தான் சொல்ல முடியும். இது வலை முறை நாள். ஓடை வாயில் கம்பு நிற்கிறது. அவர்கள் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தலைவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அம்மாவும் அதே ஓடையில் பறி கடித்துத்தான் அவரை வளர்த்தாள். பிரகாஷின் போனில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டுதா தலைவரே? அதுதான் பதில்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. பிரகாஷ் நதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த நிமிடத்தில் வசந்தி அழுதால் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். கணவன் கையிலிருந்த போனுக்கும் கேட்கிற மாதிரி, என் போனில் குனிந்து கத்தினாள்.

"அண்ணி! யாரு இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத! பறி வுழுந்துடும்!"